பழைய கார்: ஓனரிடமா, கன்சல்டிங்கிலா, கம்பெனி ஷோரூமிலா?

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ஸ்விஃப்ட்டா, ஐ10-ஆ என்பதிலேயே மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் யாரிடம் வாங்குகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

ஓனரிடம் நேரடியாக வாங்கினால் விலை குறையும். நடுவில் கமிஷன் இல்லை, ஜி.எஸ்.டி.யும் இல்லை. சர்வீஸ் பில்லைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். ஆனால் பணம் கைமாறிய பிறகு கியர்பாக்ஸ் மக்கர் செய்தால் அது உங்கள் பாடு. அதனால் ஒரு மெக்கானிக்கைக் கூலி கொடுத்தாவது கூட்டிப்போங்கள். காலையிலேயே போவது நல்லது. நீங்கள் போகும்போதே இன்ஜின் சூடாக இருந்தால், ஸ்டார்ட்டிங் கோளாறை மறைக்க முன்பே ஓட்டி வைத்தார்களோ என்று கொஞ்சம் சந்தேகப்படலாம்.

சென்னை வண்டிக்குக் கூடுதல் வேலை ஒன்று உண்டு. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் ஏகப்பட்ட கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். கண்ணில் படும் பகுதியைக் கழுவிவிடுவார்கள், உள்ளே சுருண்டு கிடக்கும் பகுதியில் சேற்றுக் கறை அப்படியே நிற்கும். ஓடோமீட்டரை நான் நம்புவதே இல்லை. மீட்டர் 30,000 கி.மீ. என்று சொல்லும், பிரேக் பெடல் ரப்பரோ வழவழவென்று தேய்ந்திருக்கும்.

கன்சல்டிங்கில், அதாவது பழைய கார் வாங்கி விற்கும் கடையில், ஒரே இடத்தில் பல வண்டிகளைப் பார்க்கலாம், லோனும் அவர்களே ஏற்பாடு செய்வார்கள். சிக்கல் பேப்பரில்தான். சிலர் ஓனரிடம் பெயர் மாற்றப் படிவங்களான ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமலே வண்டியைக் கைமாற்றுவார்கள். விபத்து நஷ்டஈட்டில் ஆர்.டி.ஓ. பதிவில் இருப்பவரே ஓனர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆகவே விவரம் தெரிந்த ஓனர் தானாகவே பெயர் மாற்றத்துக்கு அவசரப்படுவார். ஆர்.சி. புத்தகத்தில் ஹெச்.பி. (வண்டி மேல் லோன் இருப்பதற்கான பதிவு) இருந்தால், பேங்க் தரும் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) அந்தப் பதிவை நீக்கும் ஃபார்ம் 35-உம் கைக்கு வராமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். மலிவாகக் கிடைக்கும் டெல்லி நம்பர் டீசல் வண்டியா? அங்கே பழைய டீசலுக்குக் கெடுபிடி, அதனால்தான் இங்கே வருகிறது. அந்த ஊர் ஆர்.டி.ஓ. என்.ஓ.சி., இங்கே கட்டும் வரி, புது நம்பர் என்று கூட்டிப் பார்த்தால் மலிவு கரைந்துவிடும்.

மாருதி ட்ரூ வேல்யூ போன்ற கம்பெனி ஷோரூமில் பெயர் மாற்ற அலைச்சல் குறைவு, வாரண்டியும் உண்டு. விலை கூடுதல்தான், அவர்களுடைய லாபத்தின் மீதான 18% ஜி.எஸ்.டி.யும் அதற்குள் இருக்கிறது. வாரண்டி தாளை மட்டும் முழுசாகப் படியுங்கள். பெரும்பாலும் இன்ஜின், கியர்பாக்ஸோடு நின்றுவிடும், கிளட்ச் சேராது. ஸ்பின்னி, கார்ஸ்24 போன்ற ஆன்லைன் ஆட்களும் ஏறக்குறைய இதே ரகம்தான்.

மெக்கானிக் துணை இருந்தால் என் ஓட்டு ஓனருக்கு. முதல் கார், வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றால் கூடுதல் காசு போனாலும் ஷோரூம். கன்சல்டிங், உங்கள் ஊரில் பல வருஷமாகக் கடை வைத்திருப்பவராக இருந்தால் மட்டும்.

எங்கே வாங்கினாலும் 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) அவரோடு போய்விடும். அந்த வித்தியாசத் தொகையைக் கட்ட வேண்டி வரும். பேரம் பேசும்போதே அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.