வண்ணாரப்பேட்டையிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு ஜிம்மி

அப்பா போன அக்டோபரில் தவறிவிட்டார். பழைய வண்ணாரப்பேட்டை வீட்டில் தினமும் காலை ஆறு மணிக்கு டீக்கடையிலிருந்து இரண்டு பொறை வாங்கிவந்து எங்கள் நாய் ஜிம்மிக்கு ஊட்டிவிட்டுத்தான் தன் டீயைக் குடிப்பார். அவர் போன பிறகும் அதே நேரத்துக்கு ஜிம்மி வாசலில் போய் உட்கார்ந்திருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி, படி இறங்கவே சிரமம். தம்பிக்கு ஷிப்ட் வேலை. அதனால் நானே கூட்டிப்போகிறேன் என்று சொன்னேன். ஜெர்மனியில் என் வீட்டுக்குப் பின்னால் பெரிய தோட்டம் இருக்கிறது.

ஜிம்மி ஜாதி நாய் இல்லை. கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் மழைக்கு ஒதுங்கி நின்ற குட்டி, இப்போது 14 கிலோ. தூக்கிப்போகும் பையுடன் சேர்த்து எட்டுக் கிலோவுக்குள் இருந்தால்தான் பல விமானங்களில் நாயைப் பயணிகள் அறையில் கூடவே வைத்துக் கொண்டுபோகலாம். ஜிம்மிக்கு அந்த வழி இல்லை. கூண்டில் வைத்து, கீழே சரக்கறையில்தான் வர வேண்டும்.

டிசம்பரிலேயே தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுவிட்டான். தோலுக்கடியில் வைக்கிற அடையாள சிப்பும் வேண்டும் என்று நான் போனில் சொன்னதும் ஜனவரி முதல் வாரத்தில் அதையும் வைத்தார்கள். "ரெண்டும் முடிஞ்சது, இனிமே பறக்கலாம்" என்று அங்கே சொன்னதை அவன் நம்பினான், நானும் நம்பினேன். பொங்கலுக்கு வந்து 28ஆம் தேதி திரும்புகிற டிக்கெட்டில் ஜிம்மிக்கும் இடம் கேட்டு வைத்திருந்தேன்.

எதற்கும் ஒருமுறை காட்டிவிடலாம் என்று பொங்கல் முடிந்து வேப்பேரிக்குப் போனோம். வடசென்னையில் எங்கள் அம்மா தலைமுறை இன்னும் மாட்டாஸ்பத்திரி என்று சொல்கிற, 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரிதான். செயலியில் புக் செய்த இரண்டு வண்டிகள் நாயைப் பார்த்ததும் கேன்சல் செய்துவிட்டுப் போயின. மெட்ரோவில் நாயை ஏற்ற முடியாது. கடைசியில் தெருமுனை ஸ்டாண்டு ஆட்டோக்காரர் வந்தார். "ஏறுக்கா, நம்ம தெரு புள்ளதானே" என்று சொல்லி, சீட்டில் விரிக்கத் துணிகூடக் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஜிம்மியின் எல்லாப் பயணமும் அவர் வண்டியில்தான்.

வேப்பேரியில் காத்திருந்த நேரம் எனக்கு மறக்காது. ஒருவர் மீன்கூடையில் பூனையைக் கொண்டுவந்திருந்தார். ஒரு பாட்டி ஆட்டின் காலைப் பிடித்தபடி நின்றிருந்தார். எங்கள் முறை வந்ததும் டாக்டரம்மா ஜிம்மியின் கழுத்தில் கருவியை வைத்து 15 இலக்க எண்ணைப் படித்தார், புத்தகத்தைப் புரட்டினார், விரலை ஒரு தேதியில் வைத்தார். "சிப் ஜனவரி 5. ஊசி டிசம்பர் 18. இந்த ஊசி கணக்குல வராதும்மா."

அவர் விளக்கியபோதுதான் புரிந்தது. சிப்தான் நாயின் பெயர், முகவரி எல்லாம். அது வைப்பதற்கு முன்னால் போட்ட ஊசி எந்த நாய்க்குப் போட்டது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அதனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு சிப் முதலில், அல்லது அதே நாளில், அதற்கப்புறம்தான் ஊசி. புதிதாக ஊசி போட்டு, குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அவர்கள் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யூ.வுக்கு (அதை அளக்கும் சர்வதேச அலகு) குறையாமல் இருக்க வேண்டும். அப்புறம் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று மாதம் ரத்தம் எடுத்த நாளிலிருந்து கணக்கு, ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து இல்லை. இந்தியாவிலிருந்து நாய் கொண்டுபோகிறவர்கள் டிக்கெட்டை வைத்துத் தேதி போடக் கூடாது. சிப்புக்குப் பிறகு போடும் முதல் ஊசியை வைத்துத்தான் போட வேண்டும். நான் தலைகீழாகப் போட்டிருந்தேன்.

ஜனவரி 20 அன்று அங்கேயே ஊசி போட்டோம். மருந்தின் ஸ்டிக்கர், பேட்ச் எண், சிப் எண் மூன்றும் புத்தகத்தில் ஏறுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். 28ஆம் தேதி ஜிம்மி இல்லாமல் தனியாகத் திரும்பினேன். வாசல்வரை வந்து நின்றது. வண்டியில் ஏறியதும் அழுதுவிட்டேன்.

பிப்ரவரி 22 அன்று தம்பி ரத்தம் எடுத்து அனுப்பினான். ரிப்போர்ட் நல்லபடியாக வந்தது. மே 22க்குப் பிறகு பறக்கலாம், ஆனால் அது கத்திரி வெயில் காலம். கூண்டோடு தார்த்தரையில் நிற்கும் நிமிடங்களை நினைத்தே பயம் வந்தது. ஜூன் முதல் வாரத்தில் நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானமாகப் பார்த்துப் போட்டேன்.

கூண்டைத் தம்பி மார்ச்சிலேயே வாங்கிவிட்டான். அதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் ஜிம்மியின் பயணம் நல்லபடியாக முடிந்ததற்குக் காரணம் அந்தக் கூண்டும் மூன்று மாதப் பழக்கமும்தான். நாய் உள்ளே நிமிர்ந்து நிற்கணும், திரும்பணும், கால் நீட்டிப் படுக்கணும். அதோடு வந்த பிளாஸ்டிக் கிளிப்பை நம்பாமல் செம்புதாஸ் தெருவில் நட்டு போல்ட்டு வாங்கி முடுக்கினான். தண்ணீர்க் கிண்ணம் வெளியிலிருந்தே ஊற்றுகிற மாதிரி கம்பிக்கதவில் மாட்டினான். உள்ளே அப்பாவின் பழைய லுங்கியை விரித்தார்கள். முதல் வாரம் ஜிம்மி பக்கத்திலேயே போகவில்லை. அம்மா தினமும் ஒரு நெத்திலிக் கருவாட்டை உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித்தள்ளி வைத்தார். ஏப்ரலில் மத்தியானத் தூக்கமே கூண்டுக்குள்தான். தூக்க மருந்து கொடுக்கலாமா என்று கேட்டோம், கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேலே போகும்போது மூச்சும் ரத்த அழுத்தமும் இறங்கிவிடும் ஆபத்து இருக்கிறது.

நான் மறுபடி சென்னை வந்து, கிளம்பும் வாரம் ஐரோப்பாவுக்கான சுகாதாரச் சான்றிதழுக்காகப் பள்ளிக்கரணையில் இருக்கும் விலங்குகள் குவாரன்டைன் ஆபீசுக்கு ஜிம்மியையும் எல்லாத் தாள்களையும் கொண்டுபோனோம். அந்தச் சான்றிதழ் கையெழுத்தான நாளிலிருந்து 10 நாளுக்குள் அங்கே போய் இறங்க வேண்டும், அதனால் முன்கூட்டியே வாங்கிவைத்தும் பயனில்லை. எங்கள் வீட்டிலிருந்து ஊரின் மறுகோடி அது. காலையிலேயே கிளம்பிவிடுங்கள், ஒவ்வொரு தாளிலும் இரண்டு நகல் வையுங்கள்.

விமான நிலையத்துக்குக் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி பிடித்தோம். கூண்டைப் பின்னால் கயிறு போட்டுக் கட்டி, தம்பி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தான். நான்கு மணி நேரம் முன்னதாகப் போனது நல்லதாயிற்று. காலிக் கூண்டைத்தான் ஸ்கேனரில் விடுவார்கள், நாயைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். காவலர் ஜிம்மியைத் தடவிச் சோதித்தார், அது அவர் கையை நக்கியது. ஏறியதும் பணிப்பெண்ணிடம் கீழே என் நாய் இருக்கிறது, கேப்டனிடம் சொல்லுங்கள் என்று கேட்டேன். ஏற்றிவிட்டார்கள் என்று அவரே வந்து சொன்ன பிறகுதான் பெல்ட்டைப் போட்டேன்.

பிராங்க்பர்ட்டில், சுங்கத்தில் சொல்ல வேண்டியது இருப்பவர்கள் போகிற சிவப்பு வழியில் போய் சுங்க அதிகாரியிடம் தாள்களைக் கொடுத்தேன். அவரும் அதே 15 இலக்கத்தைப் படித்து, ஊசித் தேதியையும் சிப் தேதியையும் விரல் வைத்துப் பார்த்தார், வேப்பேரி டாக்டரம்மா பார்த்த மாதிரியே. முத்திரை விழுந்தது.

தடுப்பூசி இடைவெளி விடாமல் தொடர்ந்தால் இந்த ரத்தப் பரிசோதனை மறுபடி தேவையில்லை. அடுத்த ஊசி ஜனவரி 20க்குள். அம்மா அனுப்பிய தினசரிக் காலண்டரில் அந்தத் தாளின் ஓரத்தை இப்போதே மடித்துவைத்திருக்கிறேன்.