போர்தோ சிவப்பு வைன்: இரண்டாம் வைனா, க்ரூ பூர்ஷ்வாவா?

லத்தூர், லஃபீத் என்று பிரான்ஸின் போர்தோ வைன்களைத் தரவரிசைப்படுத்திய 1855 பட்டியலின் உச்சியில் இருக்கும் ஷத்தோக்களின் (வைன் தயாரிக்கும் தோட்டங்கள்) விலை கைக்கு எட்டாது. சரி, அடுத்து எது? அதே ஷத்தோ வேறு பெயரில் விற்கும் 'இரண்டாம் வைனா', அந்தப் பட்டியலில் இல்லாத ஷத்தோக்களுக்குத் தரப்படும் 'க்ரூ பூர்ஷ்வா' என்ற தகுதி பெற்ற வைனா?

விலை: லஃபீத்தின் இரண்டாம் வைனான 'கருவாத்' நூறு யூரோவை எளிதாகத் தாண்டும். போர்தோவின் மெதோக் வட்டாரத்து க்ரூ பூர்ஷ்வா பெரும்பாலும் 15 முதல் 30 யூரோ.

சரக்கு: இரண்டாம் வைனுக்குப் பெரும்பாலும் இளங்கொடிகளின் திராட்சையும், முதல் வைனுக்குத் தேறாத பீப்பாய்களும் போகும். செய்வது அதே கைகள்தான். ஆனால் கொடுக்கும் காசில் பாதி பெயருக்கு என்பேன். க்ரூ பூர்ஷ்வாவில் கிடைப்பதோ அந்த ஷத்தோவின் முதன்மை வைனே. 2020 முதல் அதில் மூன்று தரம். லேபிளில் 'எக்ஸெப்ஸியோனெல்' என்றிருந்தால் அதுதான் மேல்தரம்.

காத்திருப்பு: க்ரூ பூர்ஷ்வா சீக்கிரம் திறக்கலாம்.

பெயர் பேச வேண்டிய பரிசுக்கு இரண்டாம் வைன். வீட்டுச் சாப்பாட்டுக்கு 2016, 2019 போன்ற நல்ல ஆண்டின் க்ரூ பூர்ஷ்வா. அதே காசுக்குக் குறைந்தது மூன்று நான்கு பாட்டில் வரும்.