எண்டர்பிரைஸ் கிட் கட்டுவது: பல வருட அனுபவம்

ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடரில் வரும் விண்கப்பல் எண்டர்பிரைஸை பிளாஸ்டிக் மாடல் கிட்டாகக் கட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த அளவில் வாங்கலாம் என்றுதான். பல அளவுகளில் கட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், 1/1000 வாங்குங்கள், அதாவது கப்பலில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கதைப்படி கப்பலின் நீளம் 289 மீட்டர். அதனால் மாடல் 29 செ.மீ.க்குள் முடிந்துவிடும், புத்தக அலமாரியிலேயே வைக்கலாம். 1/350 கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் 80 செ.மீ. தாண்டும், அதற்கென்று ஒரு மேஜையே ஒதுக்க வேண்டும்.

எந்த அளவானாலும் உயிர்நாடி நாசெல்கள்தான். நீளமான அந்த இரண்டு எஞ்சின்களையும் மெல்லிய தூண்கள் மட்டுமே தாங்குகின்றன. தொடரின் கலை இயக்குநர் மேட் ஜெஃப்ரீஸ் வரைந்த கப்பலின் அழகும் அதுதான், பிளாஸ்டிக்கில் கட்டும்போது பலவீனமும் அதுதான். வெறும் பசையை நம்பி ஒட்டிய ஒரு பழைய கிட்டில் சில கோடைகளிலேயே நாசெல்கள் சரிந்துவிட்டன. இப்போதெல்லாம் தூணுக்குள் பித்தளைக் கம்பி செருகி, அது உடற்பகுதிக்குள்ளும் இறங்கும்படி வைத்து எபாக்ஸி பசையால் ஒட்டுகிறேன். முன்னால் இருந்து பார்த்து இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று சரிபார்த்து, இரவு முழுக்கக் காயவிட வேண்டும்.

அப்புறம் சாசரின், அதாவது கப்பலின் முன்னால் உள்ள தட்டு வடிவப் பகுதியின் மேல் உள்ள கட்டக் கோடுகள். சில கிட்களில் ஆழமாகச் செதுக்கியே வரும். படப்பிடிப்புக்குச் செய்த 11 அடி மாடல் 1974 முதல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் இவை பென்சிலால் போட்ட கோடுகள்! அதனால் நான் பள்ளங்களைப் புட்டி (putty) என்ற நிரப்புப் பசையால் நிரப்பி, தேய்த்து, பெயின்ட் அடித்தபின் பென்சிலால் வரைந்துவிடுவேன். கப்பல் உடனே பெரிதாகத் தெரியும்.

டீகால், அதாவது கப்பலின் பெயர், எண் எல்லாம் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம், ஒட்டும் முன் பளபளப்பு வார்னிஷ் அவசியம், இல்லாவிட்டால் ஓரங்களில் வெள்ளி பூத்த மாதிரி தெரியும். மென்மையாக்கும் திரவம் தடவியதும் டீகால் சுருங்கும். பதறித் தொடாதீர்கள், காயும்போது தானே படிந்துவிடும்.

இந்த எழுத்துகளில் ஒரு சுவையான வரலாறும் உண்டு. 1967இல் வந்த ஓர் எபிசோடில் சிதைந்து மிதக்கும் கான்ஸ்டலேஷன் என்ற கப்பல், ஏஎம்டி என்ற மாடல் நிறுவனம் வெளியிட்ட எண்டர்பிரைஸ் கடைக் கிட்டில் கட்டியதுதான். எண்டர்பிரைஸின் எண்ணான 1701 டீகாலையே இடம் மாற்றி 1017 என்று ஒட்டியிருக்கிறார்கள். என் அடுத்த கிட் அந்தக் கப்பல்தான். நாசெல்களைச் சூடுகாட்டி உருக்கிப் பழக, உடைந்த பாகங்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன்.