பெண்கள் சூப், 550 யென்

டோக்கியோ நிஷிகசாயில் எங்கள் வீட்டிலிருந்து எட்டு நிமிஷ நடையில் ஒரு பழைய செந்தோ இருக்கிறது. செந்தோ என்றால் காசு கொடுத்துக் குளிக்கும் பொதுக் குளியல் கூடம். இரண்டு வருஷம் அதைத் தாண்டித்தான் காய்கறி வாங்கப் போனேன். உடம்பில் பொட்டுத் துணி இல்லாமல் ஊராரோடு தொட்டியில் இறங்க வேண்டுமே என்ற கூச்சம். கடைசியில் ஆபீஸ் தோழிகள் இருவர், ஒருத்தி சீனாவின் ஷாங்காய், ஒருத்தி கொரியாவின் பூசான், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். இப்போது வெள்ளிக்கிழமை தவறுவதில்லை. எண்ணெய் ஒன்றுதான் குறை.

செருப்பைப் பெட்டியில் வைத்து மரச்சாவியை உருவிக்கொண்டு நிமிர்ந்தால் நீலத் திரை ஒன்று, சிவப்புத் திரை ஒன்று. ஷாங்காய்க்காரி அங்கேயே நின்று சிரித்தாள். "அந்தப் பக்கம் ஆம்பளை சூப், இந்தப் பக்கம் பொம்பளை சூப். உனக்கு எது?"

இரண்டு திரையிலும் இருப்பது ஒரே சீன எழுத்து, 湯. இடது ஓரத்தில் மூன்று நீர்த்துளி, வலது பாதியின் உச்சியில் சூரியன். வெயிலில் காய்ந்த தண்ணீர் என்று நானாக ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். கதை அழகு, ஆனால் தப்பு. கி.பி. 100 வாக்கில் சு ஷென் என்பவர் தொகுத்த ஷுவோவென் என்ற சீன அகராதி, துளிகள் பொருளுக்கு, வலது பாதி ஓசைக்கு என்று பிரித்துப் போட்டுவிடுகிறது. யின்-யாங்கின் 'யாங்' எழுத்திலும் அதே வலது பாதிதான். பொருள்? வெந்நீர், அவ்வளவே. ஆக, இந்த எழுத்தை 'யு' என்று படிக்கும் ஜப்பான்காரர்கள்தான் பழைய பொருளை விடாமல் பிடித்திருக்கிறார்கள். சீனத்தில் இதையே 'தாங்' என்று படிப்பார்கள், அது அடுப்பங்கரைக்குப் போய் சூப்பாகிவிட்டது. செந்தோவின் 'தோ'வும் இதே எழுத்துதான். முன்பாதி காசு.

வெந்நீர் என்றால் சும்மா வெந்நீர் இல்லை. பெரிய தொட்டியில் 43 டிகிரி. காலை வைத்தேன், எடுத்தேன். உடனே ஷாங்காய்க்காரி பள்ளிக்கூடப் பாடம் ஒப்பித்தாள்: தீயதைக் கண்டால் வெந்நீரில் கைவிட்டவன் போல விலக வேண்டும் என்கிறார் கன்பூசியஸ். அங்கே வருவதும் இந்த எழுத்தே. சூப்பில் கைவிட்டவன் என்றா இத்தனை நாள் நினைத்திருந்தாய் என்று கேட்டேன். முறைத்தாள்.

சூட்டைக் குறைக்கப் பச்சைத்தண்ணீர்க் குழாய் உண்டு. ஆனால் அதைத் திறந்தால் தினமும் வரும் பாட்டிமார் திரும்பிப் பார்ப்பார்கள். புதியவர்களுக்கு இந்த இடத்தின் பெரிய குறை இதுதான். பக்கத்தில் குளிர்நீர்த் தொட்டி ஒன்று உண்டு. ஜப்பானியத்தில் அதன் பெயரில் 'யு' வராது, 'மிசு' என்ற சாதா நீர்தான் வரும். பூசான்காரியின் ஊர்க் குளியல் கூடங்களிலோ இதற்கும் 'நெங்தாங்' என்று பெயராம். எழுத்தெழுத்தாகப் பார்த்தால் குளிர்ந்த வெந்நீர்! நான் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். தண்ணீர் என்றாலே குளிர்ந்த நீர்தானே. அதற்கு முன்னால் 'சுடு' போட்டுச் சுடுதண்ணி கேட்கிறவர்கள் நாம். குளித்து முடித்து அவள் எங்களை சம்கேதாங் சாப்பிடக் கூட்டிப்போனாள். முழுக் கோழிக்குஞ்சுக்குள் அரிசியும் ஜின்செங்கும் அடைத்து வேகவைத்த சூப். பெயரின் கடைசியில் மறுபடி அதே எழுத்து.

சுவரில் ஃபூஜி மலை, பெயிண்ட் கொஞ்சம் உரிந்திருக்கிறது. செந்தோச் சுவரில் ஃபூஜி வரையும் வழக்கம் 1912இல் டோக்கியோவின் கண்டா பகுதியில் இருந்த கிகாய்-யு என்ற கூடத்தில் தொடங்கியது. மஞ்சள் வாளிகளின் அடியில் கெரோரின் என்ற வலி மருந்தின் விளம்பரம், 1963இலிருந்து வரும் பழக்கம். டிசம்பரில் பகல் மிகக் குறுகிய நாளன்று எலுமிச்சை ஜாதி யுசுப் பழங்களை முழுசாக மிதக்கவிடுகிறார்கள். அன்று கூட்டம் தாங்காது, ஆனாலும் போங்கள்.

கட்டணம் 2024 ஆகஸ்டிலிருந்து 550 யென். டோக்கியோ முழுக்க சாதாரண செந்தோக்களுக்கு ஒரே உச்சவரம்பு என்பதால் பேரம், ஒப்பீடு எதுவும் வேண்டாம். துண்டு வீட்டிலிருந்து கொண்டுபோங்கள், அதைத் தொட்டிக்குள் நனைக்காதீர்கள். முடி உலர்த்தும் மிஷினுக்கு மூன்று நிமிஷத்துக்கு 20 யென். அந்த 20 யென்னை மிச்சம் பிடித்து ஈரத்தலையோடு நடந்து சளி பிடித்துக்கொண்டேன். மருந்துக்கடையில் கக்கொன்தோ கொடுத்தார்கள். பாக்கெட்டில் கடைசி எழுத்து, வேறென்ன, அதேதான். இங்கே கஷாயம் என்று பொருள். உள்ளே இருந்தது பொடி.

திங்கள் விடுமுறை. தெரியாமல் ஒரு தடவை போய் நின்றேன். மற்ற நாட்களில் வாசலில் 'வா' என்ற ஒற்றை எழுத்துப் பலகை தொங்கும். பலகைக்கு ஜப்பானியத்தில் 'இதா'. சேர்த்தால் வாயிதா, அதாவது நீர் காய்ந்துவிட்டது. கோர்ட்டு வாய்தா இல்லை. தமிழில் 'வா' என்று படித்து உள்ளே போனாலும் சரிதான். அன்றைக்கு 'நு' தொங்கியது. நுயிதா: தொட்டியை வடித்தாயிற்று. வாளியும் துண்டுமாகத் திரும்பி நடந்தேன்.