சான்றிதழ் பெற்ற ஹோட்டலில் மூன்று இரவுகள்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள நடுத்தர ஹோட்டல் ஒன்றில் அண்மையில் மூன்று இரவுகள் தங்கினேன். வாடகை கட்டுப்படியானது என்பதோடு, சுற்றுச்சூழலையும் உள்ளூர் மக்களையும் பேணுவதற்கான நீடித்த நிலைத்தன்மைச் சான்றிதழ் பெற்றது என்று முன்பதிவுப் பக்கத்தில் இருந்த குறிப்பும் அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம்.

இத்தகைய சான்றிதழ்களுக்கான அளவுகோல்களை வகுப்பது ஜிஎஸ்டிசி என்று சுருக்கமாக அழைக்கப்படும் உலக நீடித்த சுற்றுலா மன்றம். அது 2010இல் உருவானது; அதன் அளவுகோல்களின் முதல் வடிவம் 2008இலேயே வெளிவந்துவிட்டது. மன்றம் தானே எந்த ஹோட்டலுக்கும் சான்றிதழ் தருவதில்லை. தணிக்கை செய்து சான்று வழங்கும் நிறுவனங்களுக்கு அங்கீகாரம் தருவதே அதன் வேலை. ஒரு தர நெறியை மன்றம் ஏற்றிருக்கிறது என்றால் அதன் வாசகங்கள் அளவுகோல்களுடன் பொருந்துகின்றன என்பது மட்டுமே பொருள். அதை வைத்துச் சோதிப்பவர் தகுதியானவரா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கி விளம்பரம் செய்பவர்கள் உண்டு. இந்த ஹோட்டல் அப்படிச் செய்யவில்லை: வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருந்த சட்டத்தில் சான்று வழங்கிய நிறுவனத்தின் பெயரும் காலாவதித் தேதியும் தெளிவாக இருந்தன.

தண்ணீர் ஏற்பாட்டைக் குறைசொல்ல முடியாது. சிங்கப்பூரில் குழாய்நீரையே குடிக்கலாம் என்பதால் அறையில் பிளாஸ்டிக் புட்டிகள் இல்லை. கண்ணாடிக் குடுவை ஒன்றும், அதை நிரப்பிக்கொள்ள மாடிக்கு ஒரு குழாயும் இருந்தன. ஷாம்பூவும் சோப்பும் சுவரில் பொருத்திய பெரிய புட்டிகளில் வைக்கப்பட்டிருந்தன. அறைக் கதவுக்கான அட்டையை எடுத்தவுடன் குளிரூட்டி நின்றுவிடுகிறது.

துண்டு விஷயத்தில்தான் சறுக்கல். கொக்கியில் மாட்டினால் மீண்டும் பயன்படுத்துவீர்கள் என்றும், தரையில் போட்டால் மாற்ற வேண்டும் என்றும் புரிந்துகொள்வோம் என்று குளியலறை அட்டை சொன்னது. இரண்டு நாளும் ஒழுங்காகக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனேன். இரண்டு நாளும் மாலையில் திரும்பியபோது மடிப்புக் கலையாத புதுத்துண்டுகளே காத்திருந்தன.

ஆனால் என் பெரிய குறை வேறு. நிர்வாகம், உள்ளூர் மக்களின் சமூக பொருளாதார நலன், பண்பாடு, சுற்றுச்சூழல் என அளவுகோல்கள் நான்கு பகுதிகளைக் கொண்டவை. விருந்தினர் கண்ணில் படுவதோ கடைசிப் பகுதி மட்டுமே, அதிலும் மின்சாரமும் தண்ணீரும்தான். உள்ளூர்க் கொள்முதல் பற்றிக் காலைச் சிற்றுண்டிக்கூடத்தில் கேட்டேன், பணியாளருக்குத் தெரியவில்லை. உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில் அது எளிதான கேள்வியன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் இரண்டு தெரு தள்ளி இட்லியும் இடியாப்பமும் விற்கும் கடைகள் இருக்க, விருந்தினரை அங்கே அனுப்பும் ஒரு துண்டுச்சீட்டைக்கூட இங்கே காணோம்.

சிங்கப்பூரில் 2022இல் வெளியான ஹோட்டல் துறைச் செயல்திட்டம், 2025க்குள் அறைகளில் 60 விழுக்காடு அனைத்துலகச் சான்றுபெற்ற ஹோட்டல்களில் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. 2023இல் முழு நாடுமே ஜிஎஸ்டிசி அளவுகோல்களின்படி சான்றுபெற்றது. இந்த வேகத்தில் தணிக்கையாளருக்குக் காட்டும் கோப்புகள் முந்திக்கொள்கின்றன, அறையைச் சுத்தம்செய்பவருக்கான பயிற்சி பின்தங்குகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சுத்தம், அமைதி, இருப்பிடம் மூன்றுக்காகவும் ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். துண்டைப் பற்றியும் கொள்முதலைப் பற்றியும் கருத்துப் படிவத்தில் எழுதிவிட்டு வந்தேன். துண்டுகளை மீண்டும் பயன்படுத்தி ஒத்துழைத்ததற்கு நன்றி என்று மறுவாரம் மின்னஞ்சல் வந்தது.