எமலோகப் படம் வாங்கிய கடை: காரைக்குடி, முனீஸ்வரன் கோயில் தெரு

பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்காரரே கேட்டுக்கொண்டார். வருகிறவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தே கட்டுப்படியாகவில்லையாம். அதனால் அடையாளம் மட்டும் சொல்கிறேன். பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கிற அந்தத் தெருவில், வாசலில் மங்கு ஜாடிகளும் எனாமல் தூக்குகளும் அடுக்கி, உள்ளே நுழைய ஒரு ஆள் வழி மட்டும் விட்டிருக்கிற கடை. கடைக்கார பாய் பெரும்பாலும் ஒரு உடைந்த ஊஞ்சல் பலகை மேல் உட்கார்ந்து எதையாவது துடைத்துக்கொண்டிருப்பார்.

நான் தேடிப் போனது எமலோகப் படம், எமன் தீர்ப்புச் சொல்வதையும் பாவிகள் படும் தண்டனைகளையும் காட்டுகிற அச்சுப் படம். எங்கள் ஐயா வீட்டில், அதாவது அம்மாவைப் பெற்றவர் வீட்டில், இரண்டாங்கட்டில் ஒன்று தொங்கியது. பங்கு பிரித்தபோது அது யார் கைக்குப் போனது என்று தெரியவில்லை. எனக்கு எமனிடத்திலும் நம்பிக்கை இல்லை, அவர் நீதி சொல்கிற கச்சேரியிலும் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்தப் படம் வேண்டும். ஏன் என்று என் மகன் கேட்டான், சரியான பதில் வரவில்லை.

முதலில் அதே தெருவில் வேறொரு கடையில்தான் விசாரித்தேன். 18,000 சொன்னார்கள். ‘ரவிவர்மா அச்சகம்’ என்று சத்தியம் பண்ணாத குறை. ஓவியர் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கியது 1894-ல். கல்லில் வரைந்து அச்சடித்த அந்தக் காலத்துக் கல்லச்சுப் படம் என்றால் விலை இருக்கத்தானே செய்யும் என்று நானும் யோசித்துக்கொண்டே வெளியே வந்தேன். அப்புறம்தான் பாய் கடை.

பாயிடமும் ஒரு எமலோகப் படம் இருந்தது. விலை சொல்வதற்கு முன்னால் ஒரு சின்ன லென்ஸை என் கையில் கொடுத்தார். “ஆச்சி, எமனோட கன்னத்துல வச்சுப் பாருங்க” என்றார். பார்த்தால் புள்ளிகள் மணல் இறைத்த மாதிரி தாறுமாறாகக் கிடந்தன. பிறகு ஒரு பழைய காலண்டரை எடுத்து அதிலும் பார்க்கச் சொன்னார். அதில் புள்ளிகள் வரிசை பிசகாமல் சின்னச் சின்ன வளையங்களாக நின்றன. முதலாவது கல்லச்சு, இரண்டாவது பிற்காலத்து ஆஃப்செட் அச்சு. “அடி ஓரத்தை வெட்டிட்டாங்க, அச்சகத்துப் பேர் போயிருச்சு. ரவிவர்மான்னு சொல்லி விக்கலாம். நான் சொல்ல மாட்டேன்” என்றார். லென்ஸை இரவல் வாங்கிக்கொண்டு போய் 18,000 ரூபாய்ப் படத்தின் கன்னத்திலும் வைத்துப் பார்த்தேன். வளையம் வளையமாகத் தெரிந்தது. பழைய தேக்குச் சட்டத்துக்குள் புது அச்சு. அங்கேயும் சாமி படத்துக்கு மாலை போட்டு ஊதுபத்தி புகைந்துகொண்டுதான் இருந்தது.

இனி படம். மேல் பாதியில் எமன், முறுக்கு மீசையோடு. பக்கத்தில் சித்திரகுப்தர் தலைப்பாகை கட்டிக்கொண்டு, நம் ஊர்க் கணக்குப்பிள்ளை மாதிரியே சம்மணம் போட்டு, மடியில் நீளப் பேரேட்டை விரித்து வைத்திருக்கிறார். கீழ்ப் பாதி முழுக்கக் கட்டம் கட்டமாகத் தண்டனைகள். பொய்ச்சாட்சி சொன்னவன் நாக்கை இடுக்கியால் இழுக்கிறார்கள். ஒருத்தியை ரம்பத்தால் அறுக்கிறார்கள், என்ன தப்பு செய்தாள் என்ற எழுத்து அழிந்துவிட்டது. எண்ணெய்க் கொப்பரை வழக்கம்போல் உண்டு. அளவில் மோசம் செய்த வியாபாரியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, கழுத்தில் ஒரு படியைக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் மட்டும் வியாபாரியின் முகத்தை யாரோ காசால் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். மற்ற பாவிகள் எல்லாருக்கும் முகம் இருக்கிறது. எந்த ஊர் வீட்டில் தொங்கிய படம் என்று கேட்டேன். பாய் சிரித்தாரே தவிர சொல்லவில்லை.

நான் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்குப்பதிவியல் எடுத்து ஓய்வு பெற்றவள். அதனால் எனக்குச் சண்டை எமனோடு இல்லை, சித்திரகுப்தரோடுதான். சித்ரா பௌர்ணமி அன்று எங்கள் அப்பத்தா ஏடும் எழுத்தாணியும் கோலம் போட்டு விரதம் இருப்பார். கும்பிடும்போது சொல்வது என்ன தெரியுமா? மலையளவு பாவத்தைக் கடுகளவாக எழுது, கடுகளவு புண்ணியத்தை மலையளவாக எழுது. என் மாணவி யாராவது விடைத்தாளில் இப்படி ஒரு பதிவு போட்டிருந்தால் பூஜ்யம்தான் கொடுத்திருப்பேன். கள்ளக்கணக்கு எழுதச் சொல்லிக் கணக்குப்பிள்ளைக்கே படையல்! கருட புராணத்தைப் பார்த்தால் இன்னும் மோசம். சாகப்போகிற நேரத்தில் பசுவைத் தானம் கொடுத்தால் எமலோகம் போகிற வழியில் இருக்கிற வைதரணி ஆற்றை அதன் வாலைப் பிடித்துக்கொண்டு தாண்டிவிடலாம். பசு வாங்க வசதியில்லாதவன் ரத்தமும் சீழும் ஓடுகிற அந்த ஆற்றில் கிடக்க வேண்டியதுதான். இதை எழுதியவர் யார், பசு போய்ச் சேருவது யார் வீட்டுக்கு என்று பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

இப்படிக் கேட்பது ஏதோ சுயமரியாதை இயக்கம் வந்த பிறகு தொடங்கிய பழக்கமும் இல்லை. இங்கே படைக்கிற சோறு மேலே போனவருக்குப் பசியாற்றும் என்றால், வெளியூர் போகிறவனுக்கும் வீட்டிலேயே இலை போட்டுப் படைத்துவிடலாமே, அவன் எதற்குக் கட்டுச்சோறு சுமக்கிறான் என்று மறுமையை நம்பாத உலகாயதர்கள் எப்போதோ கேட்டுவிட்டார்கள். அவர்களுடைய மூல நூல் நமக்குக் கிடைக்கவில்லை. 14-ம் நூற்றாண்டில் வேதாந்தியான மாதவர் மற்றத் தத்துவங்களுக்கு முன்னால் அவர்கள் கட்சியையும் எடுத்து எழுதிவைத்ததால் அந்தக் கேள்வி பிழைத்துக் கிடக்கிறது.

இதையெல்லாம் பாயிடம் சொன்னேன். இந்தக் கடையில் பேச்சுக்கு நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள். என் பெரிய குறை இதுதான்: இந்தப் பேரேட்டை யாருமே பார்க்க முடியாது. கடன் கொடுத்தவன் ஒரு கணக்கு, வாங்கியவன் ஒரு கணக்கு, இரண்டையும் ஒத்துப் பார்த்தால்தானே ஐந்தொகை, அதாவது இருப்புநிலைக் கணக்கு, நிற்கும்? ஒரு தரப்புக் கணக்கை வைத்துக்கொண்டு எப்படித் தீர்ப்புச் சொல்வது?

பாய் துடைக்கிற துணியைக் கீழே வைத்தார். “எங்கள்ல அப்படி இல்லை ஆச்சி. ரெண்டு பக்கமும் ரெண்டு மலக்கு, அதான் வானவர், எழுதுறாங்க. கியாமத்ங்கிற இறுதித் தீர்ப்பு நாள்ல அவன் ஏட்டை அவன் கையிலயே குடுத்திருவாங்க. நல்லவனுக்கு வலது கையில, கெட்டவனுக்கு இடது கையில. நீயே படிச்சுப் பாரு, உன் கணக்குக்கு நீயே போதும்னு குர்ஆன்ல இருக்கு.”

நல்ல ஏற்பாடுதான், ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் தப்புப் பதிவு இருந்தால் அப்போது திருத்த முடியுமா என்று கேட்டேன். தப்புப் பதிவே இருக்காது என்றார். இந்தப் பதிலை எந்தக் கணக்குப்பிள்ளை சொன்னாலும் நான் நம்பியதில்லை. அதோடு விட்டேனா? ஏட்டைத் திறந்து காட்டுகிற மார்க்கத்தில் இருந்துகொண்டு கடையில் ஒரு சாமானுக்கும் விலைச்சீட்டு ஒட்டவில்லையே என்றேன். “ஒட்டுனா மட்டும் நீங்க பேரம் பேசாமப் போயிருவீங்களாக்கும்” என்றார்.

ரவிவர்மா என்று பொய் சொல்லாததற்கு அல்லாவைக் காரணமாகக் கணக்கில் எழுதுகிறார் பாய். லென்ஸையும் பில் புத்தகத்தையும்தான் எழுதுவேன் நான். பயம்தான் காரணம் என்றால் ஊதுபத்தி கொளுத்தி வைத்து 18,000 சொன்ன கடைக்காரருக்கும் அந்தப் பயம் இருந்திருக்க வேண்டுமே. இதற்கு அவர் சொன்னதுதான் என்னை நிறுத்தியது. “பயத்துக்குன்னு யார் சொன்னா? ஒருத்தர் வீட்டுச் சாமான் மொத்தத்துக்கும் எங்கிட்ட முன்பணம் வாங்கினார். சாமானும் வரலை, ஆளும் மவுத்தாயிட்டார், இறந்துட்டார். மக்க கை விரிச்சுட்டாங்க. ஏமாந்தவனுக்கு ஒரு கோர்ட்டு வேணாமா? மார்க்கத்துக்காக உயிரை விட்டு ஷஹீதானவருக்குக்கூட எல்லாம் மன்னிக்கப்படும், கடனைத் தவிரன்னு நபிகள் சொல்லியிருக்காங்க.”

“அவரை மன்னிச்சிரலாமே பாய்?”

“மன்னிச்சா எனக்குத்தான் நன்மை. யோசிச்சிட்டிருக்கேன்.”

எங்கள் ஐயாவுக்குப் பர்மாவில் பெகு என்கிற ஊரில் வட்டிக்கடை இருந்தது. நெல் வயல் அடமானத்தின் மேல் கடன் கொடுப்பார். 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது எல்லாம் போட்டது போட்டபடி ஊர் திரும்பினவர். 1948-ல் பர்மா அரசு நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டதும் மிச்ச நம்பிக்கையும் போயிற்று. ஆனால் பேரேட்டை அவர் மூடவில்லை. ஒவ்வொரு வருஷமும் வட்டியைச் சேர்த்து எழுதிக்கொண்டே இருந்தார். இங்கே வராவிட்டால் அங்கே வரும் என்பார். நான் பாடத்தில் நடத்தியது வேறு. வசூலாகாத கடனை வராக்கடன் என்று எழுதித் தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். நரகத்தைக் கண்டுபிடித்தது பயம்தான் என்று நெடுநாள் சொல்லி வந்திருக்கிறார்கள். கடன் கொடுத்தவனுக்கு எழுதித் தள்ள மனசு வராததுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1930-ல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் வட்டிக்குக் கொடுத்த செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6. நெல் விலை விழுந்து விவசாயிகளால் கடனைக் கட்ட முடியாமல் போக, 1938-க்குள் அது 25 ஆனது. அந்த விவசாயிகளும் ஏதோ ஒரு பேரேட்டில் வட்டி சேர்த்து எழுதிக்கொண்டிருந்தால் எங்கள் ஐயா பெயர் எந்தப் பக்கம் இருக்கும்? மேலே உண்மையாகவே ஒரு கச்சேரி நடக்குமானால், எங்கள் குடும்பம் வாதியாக மட்டும் போய் நிற்க முடியாது. படத்தில் முகம் சுரண்டியிருப்பதை இதற்கு மேல் விளக்க எனக்கு விருப்பமில்லை.

சரி, விலை. 7,500 சொன்னார். சுரண்டலைக் காட்டிப் பேசி 6,200-க்கு முடித்தேன். பின் பலகைக்குள் காகிதம் தின்கிற ராமபாணப் பூச்சி இருந்தது. அவரே பிரித்துச் சுத்தம் செய்து புதுப் பலகை அடித்துக் கொடுத்தார், அதற்கு 800 தனி. பில் கேட்காமலே வந்தது, அதில் ‘பழைய கல்லச்சுப் படம், அச்சகம் தெரியவில்லை’ என்றே எழுதியிருந்தார். கட்டிக் கொடுத்தது சுமார்தான். கண்ணாடிக்கு மேல் செய்தித்தாள் மட்டும் சுற்றினார், அட்டை கேட்டு வாங்கினேன். தூரத்து ஊர்க்காரர்கள் சுற்றிக் கட்டப் பழைய வேட்டி ஒன்று கொண்டுபோவது நல்லது. காரை உள்ளே கொண்டுபோகாதீர்கள், திருப்ப இடமில்லை. தூசு ஒத்துக்கொள்ளாதவர்கள் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். எனாமல் சாமான்களில் அவர் சொல்கிற விலை கொஞ்சம் கூடுதல், மரச் சாமான்களில் நியாயம். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்கு மூடிவிட்டுப் போனால் சாப்பிட்டுவிட்டு மெதுவாகத்தான் வருவார். அன்று மூன்றரை மணிக்கு மேல் போங்கள்.