முடக்கும் அதிகாரம் கார்டிஃபில், பணப்பெட்டி லண்டனில்: பெருந்தொற்றுக் காலத்தில் வேல்ஸ் முன் இருந்த மூன்று வழிகள்

2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்றால் மக்களை வீட்டுக்குள் இருத்த வேண்டிய நிலை வந்தபோது, லண்டன் அரசின் கையில் இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று, 2004-ஆம் ஆண்டின் குடிமை நெருக்கடிநிலைச் சட்டம். அதைப் பயன்படுத்தியிருந்தால் பிரிட்டன் முழுவதற்குமான விதிகளை லண்டன் அமைச்சர்களே வகுத்திருப்பார்கள். கார்டிஃபில் இருக்கும் வேல்ஸ் அரசு கலந்தாலோசிக்கப்படும் தரப்பாக மட்டுமே இருந்திருக்கும். மற்றொன்று, 1984-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொதுவான அந்தச் சட்டத்தின் கீழ் வேல்ஸுக்கான விதிகளை வகுக்கும் அதிகாரம், லண்டனின் பொறுப்புகளில் சில வேல்ஸுக்கு மாற்றப்பட்ட அதிகாரப் பகிர்வுக்குப் பின் வேல்ஸ் அமைச்சர்களுக்கு உரியதாகிவிட்டது. முதல் சட்டத்தின் கீழ் பிறப்பிக்கும் விதிகளுக்கு ஏழு நாட்களுக்குள் நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும், அவை முப்பது நாட்களில் காலாவதியாகிவிடும். லண்டன் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. 1997 பொதுவாக்கெடுப்பில் 50.3 விழுக்காட்டு ஆதரவுடன், வெறும் 6,721 வாக்கு வித்தியாசத்தில் பிறந்த ஒரு சட்டமன்றத்துக்கும் அதன் அரசுக்கும், குடிமக்கள் வீட்டை விட்டு வெளியே வரலாமா என்று தீர்மானிக்கும் பொறுப்பு இப்படித்தான் வந்து சேர்ந்தது.

எனவே பெருந்தொற்றை வேல்ஸ் எதிர்கொள்ள மூன்று வழிகள் இருந்தன எனலாம்: லண்டனின் ஒரே கட்டளை, கார்டிஃபின் தனி முடிவு, பிரிட்டனின் நான்கு நாடுகளும் (இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து) கூடிப் பேசி எடுக்கும் கூட்டு முடிவு. இவற்றுள் எது சிறந்தது என்ற விவாதம் பெரும்பாலும் தேசிய அடையாளத்தைச் சுற்றியே நடக்கிறது. பணம் யார் கையில் இருந்தது என்ற கேள்வியை முன்வைத்துப் பார்த்தால்தான் இவற்றின் உண்மையான பலமும் பலவீனமும் வெளிப்படும் என்பது என் கருத்து.

ஒரே கட்டளை என்ற வழிக்கு ஆதரவான வாதங்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. வேல்ஸ் தீவன்று, அதன் மக்களில் ஏறத்தாழ பாதிப்பேர் இங்கிலாந்து எல்லைக்கு அருகிலேயே வாழ்கிறார்கள். நைட்டன் என்ற சிற்றூர் வேல்ஸில் இருக்க, அதன் ரயில் நிலையம் இங்கிலாந்துக்குள் இருக்கிறது. லானமனெக் கிராமத்திலோ எல்லைக்கோடு ஊர் நடுவே ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை வேல்ஸில் மதுக்கடைகளை மூட வேண்டும் என்ற 1881-ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பிலிருந்த காலத்தில், அங்கே எல்லை மேல் அமைந்த ஒரு விடுதியில் இங்கிலாந்துப் பக்கத்து அறையில் மட்டும் மது கிடைத்ததாகச் சொல்வார்கள். இப்படிப்பட்ட நிலப்பரப்பில் இரு வேறு விதிகள் குழப்பத்தையே தரும் என்பது நியாயமான அச்சம்தான்.

அந்தக் குழப்பம் 2020 மே 10 அன்று வெட்டவெளிச்சமானது. அன்று மாலை தொலைக்காட்சியில் தோன்றிய பிரதமர் போரிஸ் ஜான்சன், ‘வீட்டிலேயே இருங்கள்’ என்ற அறிவுரையைக் கைவிட்டு, ‘விழிப்புடன் இருங்கள்’ என்றார். வெளியிடங்களுக்கு வாகனத்தில் சென்று உலாவலாம் என்றும் சொன்னார். இவற்றில் பெரும்பகுதி இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும் என்பது கேட்டவர்களுக்குத் தெளிவாகவில்லை. வேல்ஸிலோ வீட்டிலேயே இருக்க வேண்டும் என்ற விதி மாறவில்லை. ஸ்னோடோனியா மலைப்பகுதிக்கும் கடற்கரைகளுக்கும் காரில் புறப்பட்டு வந்த இங்கிலாந்துக்காரர்களைக் காவல்துறை திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. வேல்ஸ் மக்களில் பெரும்பாலோர் பார்ப்பதும் படிப்பதும் லண்டன் ஊடகங்களைத்தான் என்பதால், தங்களுக்கு எந்த விதி பொருந்தும் என்று அறிவதே அவர்களுக்கு ஒரு வேலையாக இருந்தது.

ஆனால் ஒரே கட்டளை என்றால் அந்தக் கட்டளையின் பிழைகளும் ஒன்றாகவே வந்து சேரும். தொற்றுத் தொடர்புகளைக் கண்டறியும் பணியை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் டைடோ ஹார்டிங் தலைமையில் மையப்படுத்தப்பட்ட அமைப்பொன்று உருவாக்கப்பட்டு, தொலைபேசியில் தொடர்புகொள்ளும் பணி செர்கோ, சைட்டெல் போன்ற தனியார் நிறுவனங்களுக்கு ஒப்படைக்கப்பட்டது. அந்த அமைப்புக்கென இரண்டு ஆண்டுகளுக்கு 3,700 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. வேல்ஸ் அதே பணியைத் தன் 22 உள்ளாட்சி மன்றங்களிடமும் ஏழு சுகாதார வாரியங்களிடமும் விட்டது. அழைப்பவர் உள்ளூர்க்காரர், எந்தத் தெரு, எந்தத் தொழிற்சாலை, எந்த விடுதி என்று சொன்னதும் அவருக்குப் புரியும். பரிசோதனைக் கூடங்களில் பெரும்பகுதி பிரிட்டன் முழுவதற்குமான அமைப்பையே சார்ந்திருந்ததால் வேல்ஸின் ஏற்பாடு முழுக்கத் தனித்ததன்று. ஆயினும் இந்த ஒரு விஷயத்தில் தனி வழியே மேலானது என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

தனி முடிவின் வலிமையும் வலுவின்மையும் ஒருசேரத் தெரிந்தது 2020 இலையுதிர்காலத்தில். செப்டம்பர் 21 அன்று, பிரிட்டன் அரசின் அறிவியல் ஆலோசனைக் குழு குறுகிய கால முழுமுடக்கம் ஒன்றைப் பரிசீலிக்கப் பரிந்துரைத்தது. ஜான்சன் அதை ஏற்காமல், அக்டோபர் 14 முதல் தொற்றின் கடுமைக்கேற்ப இங்கிலாந்தை மூன்று அடுக்குகளாகப் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தார். வேல்ஸ் முதல்வர் மார்க் டிரேக்ஃபோர்ட், அக்டோபர் 23 மாலை ஆறு மணி முதல் நவம்பர் 9 வரை வேல்ஸ் முழுவதையும் மூடும் ‘ஃபயர்பிரேக்’ (தீ பரவாமல் தடுக்கும் இடைவெளி) முடக்கத்தை அறிவித்தார். பள்ளிகளின் பருவ நடு விடுமுறை வாரமும் அதற்குள் அடங்கும்படி நாட்கள் கணிக்கப்பட்டிருந்தன.

முடக்கும் அதிகாரம் இருந்தது, ஆனால் மூடிய கடைகளின் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுப்பது யார்? வேலையின்றி வீட்டிலிருப்போரின் ஊதியத்தில் பெரும்பகுதியை அரசே ஏற்ற ஃபர்லோ திட்டம் லண்டன் நிதியமைச்சகத்தின் திட்டம். அது அக்டோபர் 31 அன்று முடிவதாக இருந்தது. மூடும்படி பணிக்கப்பட்ட நிறுவனங்களின் ஊழியர்களுக்கு ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தரும் புதிய திட்டமோ நவம்பர் 1-ல்தான் தொடங்கவிருந்தது. பழைய திட்டத்தில் இதற்குமுன் பதிவாகாதவர்களை இப்போது புதிதாகச் சேர்க்கவும் வழியில்லை. புதிய திட்டத்தை ஒரு வாரம் முன்கூட்டி அக்டோபர் 23-லேயே வேல்ஸுக்குத் திறந்துவிடுமாறும், அதற்கான கூடுதல் செலவைத் தாங்களே ஏற்பதாகவும் கார்டிஃப் கேட்டது. நடைமுறையில் இயலாது என்று மறுத்துவிட்டார் நிதியமைச்சர் ரிஷி சுனக். அடுத்த சனிக்கிழமை, அக்டோபர் 31 மாலை, இங்கிலாந்துக்கு நான்கு வார முழுமுடக்கத்தை அறிவித்தார் ஜான்சன். சில மணி நேரத்தில் முடியவிருந்த ஃபர்லோ திட்டம், 80 விழுக்காட்டு ஊதியத்துடன் அதே மூச்சில் நீட்டிக்கப்பட்டது. வேல்ஸ் கேட்டபோது இயலாதது, இங்கிலாந்துக்குத் தேவைப்பட்டதும் ஒரே மாலையில் இயன்றது. நிர்வாகச் சிக்கல் என்ற விளக்கத்தை முற்றிலும் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஒரு வாரத்தைப் போல அதிகாரப் பகிர்வின் எல்லையைத் துல்லியமாகக் காட்டிய நிகழ்வு வேறில்லை.

வேல்ஸ் அரசால் சொந்தமாகக் கடன் வாங்கி இந்த இடைவெளியை நிரப்பியிருக்கவும் முடியாது. மூலதனச் செலவுக்கென அது ஆண்டுக்கு வாங்கக்கூடிய கடனின் உச்சவரம்பு அப்போது 15 கோடி பவுண்டாக மட்டுமே இருந்தது. இங்கிலாந்தில் லண்டன் செலவிடும் தொகையை ஒட்டி, மக்கள்தொகை விகிதப்படி பார்னெட் சூத்திரத்தின் கீழ் வேல்ஸுக்குப் பங்கு கிடைக்கும். 2020-21 நிதியாண்டுக்கு 500 கோடி பவுண்டுக்கும் மேற்பட்ட கூடுதல் தொகை முன்கூட்டியே உறுதிசெய்யப்பட்டது என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும், அது பெருந்தொகைதான். ஆனால் எப்போது மூடலாம் என்ற காலக்கணக்கு மட்டும் இங்கிலாந்தின் தேவையைப் பொறுத்தே அமைந்தது.

கார்டிஃபின் சொந்தப் பிழைகளை லண்டன் மேல் சுமத்திவிட முடியாது. ஃபயர்பிரேக் நாட்களில் சிறுகடைகள் மூடியிருக்கும்போது சூப்பர்மார்க்கெட்டுகள் மட்டும் எல்லாவற்றையும் விற்பது நியாயமன்று என்று, அத்தியாவசியமற்ற பொருட்களின் விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டது. விளைவாக, பாலும் ரொட்டியும் வாங்க வந்தவர்கள் குழந்தைகளின் உடைகளும் மின்கெட்டில்களும் இருந்த அலமாரிகள் பிளாஸ்டிக் தாளால் மூடப்பட்டு, நாடா ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டார்கள். குளிர்காலத் தொடக்கத்தில் குழந்தைக்குச் சட்டை அத்தியாவசியமா இல்லையா என்று வாதிட வேண்டிய நிலையை எந்த அரசும் தனக்குத் தானே வரவழைத்துக்கொள்ளக் கூடாது. தடையை எதிர்த்த மனுவில் 60 ஆயிரத்துக்கும் அதிகமானோர் கையொப்பமிட்டார்கள்.

அதைவிடப் பெரிய பிழை, முடக்கம் முடிந்த பின் நடந்தது. நவம்பர் 9 அன்று மதுவிடுதிகள் உட்பட ஏறக்குறைய எல்லாம் திறந்துவிடப்பட்டன. சிறிது காலம் இறங்கிய தொற்று மீண்டும் ஏறியது. மெர்தர் டிட்வில் போன்ற பழைய சுரங்கப் பள்ளத்தாக்குகள் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. டிசம்பர் 4 முதல் விடுதிகளில் மது பரிமாறத் தடை வந்தது. டிசம்பர் 20 தொடங்கும் நள்ளிரவில் வேல்ஸ் முழுவதும் மறுபடி மூடப்பட்டது. ஃபயர்பிரேக் தாமதமாக வந்தது, பின் தளர்வுகள் விரைவாக வந்தன என்பதே பெருந்தொற்றை அரசுகள் கையாண்ட விதம் பற்றி ஹீதர் ஹாலெட் தலைமையில் நடந்த பொது விசாரணை 2025 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையின் கண்டனம். இங்கிலாந்தை முந்தியதாலேயே வேல்ஸ் சரியாகச் செய்தது என்ற வாதம் இதன்முன் நிற்காது. தனி முடிவு என்பது சரியான முடிவுக்கு உத்தரவாதமன்று.

மூன்றாவது வழியான கூட்டு முடிவு, தடுப்பூசியில் மட்டுமே முழுமையாகச் செயல்பட்டது. கொள்முதலையும் ஒப்புதலையும் லண்டன் பார்த்துக்கொண்டது; ஊசி போடுவதை வேல்ஸ் பார்த்துக்கொண்டது. (ஆக்ஸ்ஃபோர்டு தடுப்பூசியைக் குப்பிகளில் நிரப்பும் பணி வேல்ஸின் ரெக்ஸமில், மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட வொக்கார்ட் நிறுவனத்தின் ஆலையில் நடந்தது.) 2021 ஜனவரியில், கையிருப்பை வாரக்கணக்கில் நீட்டிப் பயன்படுத்துவதாகச் சொல்லி டிரேக்ஃபோர்ட் கடும் விமர்சனத்துக்கு ஆளானார். ஆனால் கோடைக்குள் முதல் தவணை விகிதத்தில் வேல்ஸ் பிரிட்டனின் மற்ற மூன்று நாடுகளையும் முந்தியிருந்தது. தனித்து நின்றிருந்தால் வேல்ஸுக்கு இவ்வளவு விரைவில் மருந்து கிடைத்திருக்காது. ஒவ்வொரு ஊரிலும் யாரை எப்போது அழைப்பது என்பதை லண்டனிலிருந்து முடிவு செய்திருந்தாலும் இந்த வேகம் வந்திருக்காது.

மற்ற விஷயங்களில் கூட்டு முடிவு என்பது பெயரளவில்தான் இருந்தது. 2020 மே 28-க்குப் பின் செப்டம்பர் பிற்பகுதி வரை பிரதமருடன் சுருக்கமான ஒரேயொரு தொலைபேசி உரையாடல்தான் நடந்தது என்று டிரேக்ஃபோர்ட் வெளிப்படையாகவே குறைசொன்னார். லண்டன் தரப்பில் பேச்சுவார்த்தைகளை நடத்தியவர் அமைச்சர் மைக்கேல் கோவ். பின்னால் ஆளில்லாத, பயிற்சியாளரும் காணாமற்போன ஓர் அணியின் முன்கள ஆட்டக்காரர் என்று அவரை விசாரணையில் வர்ணித்தார் டிரேக்ஃபோர்ட். ஜான்சன் தரப்பின் விளக்கம் நேர்மையாகவே இருந்தது: முதல்வர்களை வழக்கமாகச் சந்தித்தால் பிரிட்டனே ஒரு குட்டி ஐரோப்பிய ஒன்றியம் போலத் தோன்றிவிடும் என்பதால் அதைத் தவிர்த்ததாக அவர் எழுத்துமூலம் சாட்சியமளித்தார். ஆக, சந்திப்பு நடக்காமல் போனதற்குக் காரணம் மறதியன்று. அது ஒரு கொள்கை.

வாக்காளர்கள் தனி வழிக்கே பரிசளித்தார்கள். 2021 மே தேர்தலில் வேல்ஸ் சட்டமன்றமான செனெத்தின் அப்போதைய 60 இடங்களில் 30 டிரேக்ஃபோர்டின் தொழிற்கட்சிக்குக் கிடைத்தன. சட்டமன்றத்தையே ஒழிக்க வேண்டும் என்ற கட்சிக்கு ஓர் இடமும் இல்லை. இத்தனைக்கும் பிறகு, ஸ்காட்லாந்தைப் போல வேல்ஸுக்கெனத் தனி விசாரணை வேண்டும் என்று உறவுகளை இழந்த குடும்பங்கள் கேட்டபோது டிரேக்ஃபோர்ட் மறுத்துவிட்டார். முடிவுகள் லண்டனோடு பின்னிப் பிணைந்தவை, ஆகவே பிரிட்டன் முழுவதற்குமான விசாரணையே போதும் என்றார். முடிவெடுப்பதில் தனித்துவம், கணக்குக் கேட்கும்போது கூட்டு என்ற இந்த நிலைப்பாட்டை நான் ஏற்கவில்லை.

2022 ஜனவரியில், பிரதமரும் முதல்வர்களும் கூடும் மன்றம் உட்பட அரசுகளுக்கிடையிலான உறவுக்குப் புதிய அமைப்பு ஒன்று ஒப்புக்கொள்ளப்பட்டது. சந்திப்புகளுக்கு ஒழுங்கு வந்தது. ஆனால் ஒரு நாடு மட்டும் முடங்க நேர்ந்தால் அதன் ஊழியர்களின் ஊதிய உதவி தானாகவே தொடங்கும் என்ற விதி அதில் இல்லை. அந்த முடிவு இன்றும் லண்டன் நிதியமைச்சகத்திடமே இருக்கிறது.